கோலியர்ஸ் வுட்டில் நரிக்கு என்ன வேலை?

லண்டன் பாதாள ரயிலின் நார்தர்ன் தடத்தில், டூட்டிங் பிராட்வேக்கு அடுத்த நிறுத்தம் கோலியர்ஸ் வுட். 1926 செப்டம்பரில் திறந்த நிலையம். வெளியே வந்தால் ஏ24 நெடுஞ்சாலை, அதன் ஓரமாகக் கடைகள், தனித்து உயர்ந்து நிற்கும் ஒரு குடியிருப்புக் கோபுரம், பிறகு தெருத்தெருவாக ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள். இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு பக்கத் தெருவுக்குள் திரும்பினால், நிறுத்தி வைத்த கார்களுக்கு இடையிலிருந்து செம்பழுப்பு நிற விலங்கொன்று வெளிப்பட்டு, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வழியே போகும். ஜனவரி மாதமானால் நள்ளிரவில் ஆளை உறைய வைக்கும் அலறல் ஒன்றும் கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் காவல்துறையைக் கூப்பிடலாமா என்று யோசிப்பார்கள். அது நரிகள் இணைசேரும் பருவத்தின் குரல். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் யோகத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கேள்வி நிற்கிறது: ஏறத்தாழ 90 லட்சம் மக்கள் நெருக்கியடித்து வாழும் மாநகரத்தில் ஒரு காட்டு வேட்டை விலங்கு எப்படிக் குடும்பம் நடத்துகிறது?

இதற்குத் தயாராக ஒரு பதில் எல்லோரிடமும் இருக்கிறது. மனிதன் காட்டை அழித்தான். இருப்பிடம் இழந்த நரி பசியோடு ஊருக்குள் வந்தது. குப்பைத்தொட்டி அதற்குச் சோறு போடுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்றுகூட முழுதாகத் தேறுவதில்லை. 1920, 30களில் லண்டனைச் சுற்றி எழுந்த புறநகர், யாரும் அப்படித் திட்டமிடாமலே, நரிக்கு மிகத் தோதான வாழிடமாக அமைந்துவிட்டது என்பதுதான் நான் இங்கே முன்வைக்கும் வாதம். அதை ஏற்றுக்கொண்டால், நரியைக் கொன்று குறைக்க முடியுமா, பூனைகளைக் கொல்வது அதுதானா, அது மெல்ல நாயாக மாறிக்கொண்டிருக்கிறதா என்ற கேள்விகளையும் வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் எந்த நரி என்பதைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையின் வன்னியிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பொழுது சாய்ந்ததும் கூட்டமாக ஊளையிடுவது பொன்னிற நரி. நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு. தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகளில் அதைவிடச் சிறிய இன்னொரு இனமும் உண்டு. இலங்கையில் அது இல்லை. லண்டனில் திரியும் செந்நரி இந்தச் சிறிய இனத்தின் உறவுக்காரன். எடை ஐந்திலிருந்து ஏழு கிலோ. குளிர்கால உரோமம்தான் அதைப் பெரிதாகக் காட்டுகிறது. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என்று உலகில் மிகப் பரவலாக வாழும் காட்டு ஊனுண்ணி இதுவே. குடும்பமாக வாழ்ந்தாலும் தனித்தனியாகவே இரை தேடும். மண்புழு முதல் முயல் வரை எதையும் தின்னும். பகலில் பதுங்க ஒரு சிறு மறைவு போதும். இந்த மூன்று குணங்களை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

காடு அழிந்த கதையை எடுத்துக்கொள்வோம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருபதாம் நூற்றாண்டுப் புறநகர் விழுங்கியது பெரும்பாலும் வயல்களையும் காய்கறித் தோட்டங்களையும்தான். பக்கத்து மிட்சம் ஒருகாலத்தில் லாவெண்டர் பயிருக்குப் பேர்போன ஊர். வாண்டில் ஆற்றங்கரையில் துணிக்குச் சாயமேற்றி அச்சிடும் ஆலைகள் இருந்தன. வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1881இல் தன் பட்டறையை மெர்ட்டன் அபிக்கு மாற்றியது இந்த ஆற்று நீரை நம்பித்தான். இங்கே அடர்ந்த காடு என்று ஒன்று இல்லாமல்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. காடு போனதால் நரி வந்தது என்றால் அது அப்போதே வந்திருக்க வேண்டும். தென் லண்டன் புறநகர்களில் நரிகள் தொடர்ந்து தென்படத் தொடங்கியதோ 1930களில். சிதறிக் கிடந்த பதிவுகளையெல்லாம் டபிள்யூ. ஜி. டீகிள் திரட்டி, லண்டன் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் 1967இல் வெளியிட்டார்.

1920, 30களில் இங்கே என்ன நடந்தது? ரயில் மோர்டன் வரை நீண்டது. அதன் பின்னாலேயே இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. முன்னால் சிறு தோட்டம், பின்னால் நீளமான தோட்டம். ஒரு தெருவின் பின்தோட்டங்கள் அடுத்த தெருவின் பின்தோட்டங்களோடு முதுகுக்கு முதுகு சேர்ந்தன. தெருவில் நடப்பவருக்கு வீடுகள் மட்டும் தெரியும். மேலிருந்து பார்த்தால் வீட்டு வரிசைகளுக்கு நடுவே நீண்ட பசுமைப் பட்டைகள் தெரியும். ஆறடி வேலியை எளிதாக ஏறிக் கடக்கும் விலங்குக்கு அது இடைவெளியில்லாத ஒரே நிலம். புதர் உண்டு, புல்தரை உண்டு, பழமரம் உண்டு, கருவிகள் வைக்கும் ஷெட்டும் அதன் அடியில் குட்டி போட ஓர் இருட்டறையும் உண்டு. நாட்டுப்புறத்தில் நரியைக் கண்டதும் சுடும் பண்ணைக் காவலர்கள் இருந்தார்கள், குதிரையும் நாய்க்கூட்டமுமாகத் துரத்தும் கனவான்கள் இருந்தார்கள். புறநகரில் இரண்டு பேரும் இல்லை. இரவானால் தோட்டத்தில் மனித நடமாட்டமே இல்லை.

இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே காலத்தில் நடந்தன என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. அதைவிட வலுவான சான்று இடத்தில் இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹாரிஸ் 1970களிலிருந்து நகர நரிகளை ஆராய்ந்தவர். அவரும் ஜெரமி ரேனரும் பல பிரிட்டிஷ் நகரங்களில் நரி எங்கே அடர்ந்திருக்கிறது என்று கணக்கெடுத்து 1986இல் வெளியிட்டார்கள். இரு உலகப்போர்களுக்கு இடையில் கட்டிய, சொந்தக்காரர்கள் குடியிருக்கும், ஓரளவு பெரிய தோட்டமுள்ள வீட்டுப் பகுதிகளில்தான் நரி அதிகம். நகர மையத்திலும் தொழிற்சாலைப் பகுதியிலும் நகராட்சி வாடகைக் குடியிருப்புகளிலும் குறைவு. குப்பைதான் நரியை இழுக்கிறது என்றால் இந்த வரைபடம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். உணவுக்கடைகளும் சந்தைகளும் நெருங்கிய நகர மையத்தில்தானே தின்பண்டக் குப்பை குவிகிறது?

இங்கே ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம். கோலியர்ஸ் வுட்டின் வீடுகளில் பெரும்பாலானவை 1930களின் தோட்ட வீடுகள் அல்லவே. அதற்கும் முந்தைய ஒட்டு வீடுகள், கையகலப் பின்முற்றம். உண்மை. தெற்கே மோர்டன் பக்கம் போனால்தான் அந்தத் தோட்ட வீடுகள். ஆனால் கோலியர்ஸ் வுட்டுக்கு வாண்டில் ஆறு இருக்கிறது. ஆற்றோரமாக வாண்டில் பூங்கா. வடக்கே, பழைய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்த இடத்தில் இப்போது வாண்டில் புல்வெளி இயற்கைப் பூங்கா. தெற்கே மோர்டன் ஹால் பூங்கா. ஊடே ஆள் ஏறாத ரயில் கரைகள். தனித்தனியே பார்த்தால் இவை சின்னஞ்சிறு துண்டுகள். ஒரே இரவில் பல கிலோமீட்டர் நடக்கும் விலங்குக்கு இவையும் பின்முற்றங்களும் சேர்ந்து ஒரு முழு வாழிடம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. தோட்ட வீடுகள்தான் காரணம் என்றால், அவை அதிகம் இல்லாத நகரங்களுக்கும் நரி ஏன் பரவியது? 1980களில் நரியே இல்லை அல்லது மிகக் குறைவு என்று குறிக்கப்பட்ட 65 நகரங்களை, 2012இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாகப் பொதுமக்கள் அனுப்பிய தகவல்களைக் கொண்டு மறுபடி பார்த்தார்கள். 59 நகரங்களில் நரி இருந்தது. ஆகவே தோட்டப் புறநகர் நரிக்குக் கட்டாயத் தேவை என்று சொல்ல முடியாது. அது நுழைவாயில் என்பதே சரி. நகர வாழ்க்கைக்குப் பழகிய தலைமுறை ஒன்று உருவாவதற்கு எளிய நிலம் வேண்டியிருந்தது. உருவான பிறகு அதன் வாரிசுகள் கடினமான நிலங்களிலும் கால்பதித்தன. சூரிச் நகரம் இதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி. வெறிநோய்க்கு எதிரான தடுப்பூசித் திட்டத்துக்குப் பிறகு, 1980களின் நடுவில் அங்கே நரிகள் பெருகின. நாட்டுப்புறத்தில் இடமில்லாமல் உபரி நரிகள் நகருக்குள் வழிந்தனவா, அல்லது ஒருசில நரிகள் குடியேறி அங்கேயே பெருகினவா? 2003இல் வெளியான மரபணு ஆய்வு இரண்டாவதையே காட்டியது: நகர நரிகளின் மரபுப் பன்மை சுற்றுப்புற நரிகளைவிடக் குறைவு, சில மூதாதையரின் வழிவந்தவை என்பதற்கு அடையாளமாக.

இனி சோற்றுக் கணக்கு. நரி என்ன தின்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்து போவோம். கிழிந்த குப்பைப் பை காலையில் எல்லார் கண்ணிலும் படும். புல்தரையில் உருவிய மண்புழு யார் கண்ணிலும் படாது. ஆகவே ஆய்வாளர்கள் இரைப்பையையும் எச்சத்தையும் அலசுகிறார்கள். 1970களில் லண்டனின் உள்ளூராட்சிகள் நரிகளைக் கொன்றுகொண்டிருந்தன. அந்த உடல்கள் ஹாரிஸுக்கு ஆய்வுப் பொருளாயின. எலியின் உரோமத்தையும் பறவையின் இறகையும் உருப்பெருக்கியில் இனம் காணலாம். மண்புழு முழுதாகச் செரித்துப் போனாலும் அதன் உடம்பிலுள்ள நுண்ணிய முட்கள் செரிக்காமல் மிஞ்சும். அவற்றிலிருந்து புழு தின்றதை அறியலாம். 1981இல் அவர் வெளியிட்ட லண்டன் உணவுப் பட்டியலில் மனிதர் விட்ட மிச்சம் ஒரு பெரும் பங்குதான். அதற்கு இணையாகப் புழு, வண்டு, எலி, புறா, உதிர்ந்த பழம் எல்லாம் இருந்தன. மிச்சத்திலும் எல்லாமே திருட்டு இல்லை. பறவைகளுக்கென்று இறைத்தது, உரக்குழியில் போட்டது, நரிக்கென்றே தட்டில் வைத்தது என்று மனிதர் மனமுவந்து தந்ததும் கணிசம். கோலியர்ஸ் வுட் அடங்கிய மெர்ட்டன் உள்ளூராட்சி 2018இல் வீடுகளுக்கு மூடியுள்ள சக்கரத் தொட்டிகளைக் கொடுத்தது. பைகள் கிழிபடுவது குறைந்திருக்கும். நரி ஊரைக் காலி செய்துவிடவில்லை.

உணவு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எப்படிச் சிதறியிருக்கிறது என்பதில்தான் நரியின் சமூக வாழ்க்கை புதைந்திருக்கிறது. ஒரு நரிக் குடும்பம் சிறுநீராலும் எச்சத்தாலும் மணக்குறி இட்டு, தனதென்று காத்துக்கொள்ளும் நிலப்பரப்பை ஆள்புலம் என்று அழைக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் நரிகளின் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டி இரவிரவாகப் பின்தொடர்ந்த டேவிட் மக்டொனால்டை ஒரு புதிர் வாட்டியது. தனியாக இரை தேடும் விலங்கு, ஒரே ஆள்புலத்தில் நாலைந்து பேராக ஏன் வாழ்கிறது? 1983இல் அவர் முன்வைத்த விளக்கம் வளச் சிதறல் கருதுகோள் எனப்படுகிறது. குளத்துப் பாசனத்தில் ஒரு துண்டு, கிணற்றடியில் ஒரு துண்டு, மானாவாரியாக மேட்டில் ஒரு துண்டு என்று நாலு பக்கமும் நிலம் வைத்திருக்கும் தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்த வருஷத்திலும் இருவர் சாப்பாட்டுக்குத் தேற வேண்டுமானால் அத்தனை துண்டும் வேண்டும். மழை பெய்த வருஷத்தில் அதே நிலம் ஆறு பேருக்குச் சோறு போடும். தம்பியோ தங்கையோ கூடவே தங்கிக்கொண்டால் தம்பதிக்கு நட்டம் எதுவும் இல்லை. நரிக்கு வருஷம் என்பது ஓர் இரவு. ஈரமான, காற்றில்லாத, மிதமான இரவில் பந்தாட்டத் திடலில் புழு மேலே வரும். வறண்ட இரவில் வராது. ஒரு வீட்டில் நாளை எலும்பு கிடைக்கும், இன்று கிடைக்காது. மோசமான இரவைத் தாண்ட ஒரு ஜோடிக்கு எவ்வளவு தோட்டம் வேண்டுமோ, அவ்வளவு தோட்டம் மற்ற இரவுகளில் மகள்களையும் சேர்த்துத் தாங்குகிறது. அந்த மகள்கள் பெரும்பாலும் ஈனுவதில்லை. தாயின் குட்டிகளுக்கு இரை கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு.

இந்த விளக்கம் அழகானது. ஆனால் முழுமையானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆள்புலத்தின் அளவு தன் தேவையை மட்டும் பொறுத்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் பலத்தையும் பொறுத்தது என்று பிரிஸ்டல் தரவுகள் காட்டுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டிலோ எல்லையே நிலையாக இல்லை. பேட்ரிக் டான்காஸ்டருடன் சேர்ந்து மக்டொனால்ட் 1991இல் எழுதியபடி, நகர நரிகளின் ஆள்புலங்கள் மாதங்கள் செல்லச் செல்ல மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தன. குடும்பம் என்ற சொல்லையும் கொஞ்சம் தளர்த்தித்தான் புரிந்துகொள்ள வேண்டும். பிரிஸ்டல் குட்டிகளின் மரபணுவைச் சோதித்தபோது பலவற்றின் தந்தை அடுத்த ஆள்புலத்து ஆண் என்று தெரிந்தது. பெண்நரி கருத்தரிக்கத் தக்க காலம் ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் மூன்றே நாள். ஜனவரி இரவுகளில் ஏன் அவ்வளவு அலறல், ஏன் அவ்வளவு எல்லைத் தகராறு என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

நரியைக் கொன்றால் குறையுமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். 1994இல் பிரிஸ்டல் நரிகளுக்குச் சொறிநோய் வந்தது. தோலுக்குள் துளையிட்டு வாழும் சிற்றுண்ணியால் வருவது; உரோமம் உதிர்ந்து, தோல் தடித்து, நரி மெலிந்து சாகும். இரண்டு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 95க்கும் மேலானவை மடிந்தன. மிஞ்சியவை காலியான பக்கத்து நிலத்துக்கும் தங்கள் எல்லையை விரித்தன, கூட்டங்கள் ஜோடிகளாகச் சுருங்கின. நகரம் பழைய எண்ணிக்கையை எட்டப் பல ஆண்டுகள் பிடித்தது. இதைக் காட்டி, பார்த்தீர்களா, போதுமான அளவு கொன்றால் குறையும் என்று ஒருவர் வாதிடலாம். குறையும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கொன்றால். துப்பாக்கியும் பொறியும் நகரத்தில் அந்த அளவை நெருங்கவே முடியாது. நஞ்சு வைப்பது சட்டவிரோதம், வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவே சுடுவதை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஒன்றிரண்டைக் கொன்றால், ஆள்புலம் சில நாட்களில் மறுபடி நிரம்பிவிடுகிறது என்று வானொலிப் பட்டைகள் காட்டுகின்றன. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பெற்றோரைப் பிரிந்த இளநரிகள் இடம் தேடி அலைகின்றன. காலியிடம் அவற்றுக்கு வேலை அறிவிப்பு. லண்டன் உள்ளூராட்சிகள் பல ஆண்டுகள் கொன்றுபார்த்துவிட்டுப் படிப்படியாகக் கைவிட்டது இரக்கத்தால் அல்ல, பலனில்லாததால்.

சாவு ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்பதும் இதில் சேர வேண்டும். நரியின் கோரைப்பல்லின் வேரை மெல்லிய சீவலாக வெட்டினால் ஆண்டுக்கு ஒன்றாக வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணி வயதைச் சொல்லலாம். ஹாரிஸ் இந்த முறையின் நம்பகத்தைச் சோதித்ததே லண்டன் புறநகர் நரிகளை வைத்துத்தான். சிறைவாழ்வில் பத்து வயதைத் தாண்டக்கூடிய விலங்கு, நகரத் தெருக்களில் பெரும்பாலும் இரண்டைத் தாண்டுவதில்லை. முதல் எதிரி கார். ஆகவே ஏ24 செய்யாததை ஒரு கூலி வேட்டைக்காரர் செய்துவிடப்போவதில்லை.

நரிமேல் விழும் குற்றச்சாட்டுகளில் பூனைக் கொலை முக்கியமானது. அதில் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு விசித்திர வழக்கு உண்டு. வாண்டில் ஆற்றின் மேல்பக்கம் உள்ள குரொய்டனிலும் பிறகு லண்டனைச் சுற்றிலும் 2014 முதல் தலையோ வாலோ துண்டிக்கப்பட்ட பூனைகள் கிடக்கத் தொடங்கின. வெட்டு அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால் மனிதன்தான் செய்திருக்க வேண்டும் என்று பலர் நம்பினார்கள். செய்தித்தாள்கள் கொலையாளிக்குப் பட்டப்பெயரும் சூட்டின. 2015 இறுதியில் லண்டன் பெருநகரக் காவல்துறை தனி விசாரணையே தொடங்கியது. ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்து, 2018 செப்டம்பரில், மனிதக் கொலையாளி என்று எவரும் இல்லை என்று வழக்கை மூடியது. பூனைத் தலையைக் கவ்விக்கொண்டு போகும் நரி கண்காணிப்புப் படக்கருவிகளில் பதிவாகியிருந்தது. பிறகு அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியல் வல்லுநர்கள் 32 பூனை உடல்களை ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றின் காயத்திலும் நரியின் மரபணு இருந்தது. கத்தி வெட்டாகத் தெரிந்தது, நரியின் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோலாகச் சேர்ந்து உண்டாக்கிய விளிம்பு. ஆனால் கவனிக்க வேண்டிய முடிவு வேறு: பல பூனைகள் இதயக் கோளாறாலோ வாகனம் மோதியோ முதலில் இறந்திருந்தன, நரி பின்னால் வந்து துண்டித்தது. சிலவற்றை வேட்டை விலங்கு கொன்றதும் உண்மை. ஆக நரி இந்த வழக்கில் முழு நிரபராதியும் இல்லை, கொலைகாரனும் இல்லை. பெரும்பாலும் பிணம் பொறுக்கி. வளர்ந்த பூனையோடு மல்லுக்கு நிற்பது ஐந்து கிலோ நரிக்கு ஆபத்தான வியாபாரம்.

நகர நரி நாயாக மாறுகிறதா? 2020இல் இந்தத் தலைப்பில் செய்திகள் பறந்தன. ஆய்வாளர் கெவின் பார்சன்ஸின் குழு, 1971 முதல் 1973 வரை லண்டனிலும் அதைச் சுற்றிய நாட்டுப்புறத்திலும் கொல்லப்பட்டு, ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் சேமித்திருந்த மண்டையோடுகளில் 111ஐ அளந்தது. நகர நரிகளுக்கு மூக்கெலும்புப் பகுதி குட்டையாகவும் அகலமாகவும், மூளைப்பேழை சற்றே சிறிதாகவும், ஆண் பெண் வேறுபாடு குறைந்தும் இருந்தன. வீட்டு விலங்குகளில் காணும் மாற்றங்களின் சாயல் இது. உடனே எல்லோர் நினைவுக்கும் வந்தது, 1959இல் நோவோசிபிர்ஸ்க்கில் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கிய நரி வளர்ப்புச் சோதனை. அங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் சாதுவானவற்றை மட்டும் மனிதர் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார்கள். லண்டனில் தேர்ந்தெடுத்தது யார்? பார்சன்ஸ் குழுவின் விளக்கம் உணவைச் சார்ந்தது. நீண்ட தாடை வேகமாக மூடும், தப்பியோடும் எலிக்கு அது வேண்டும். குட்டைத் தாடை வலுவாகக் கடிக்கும், ஓடாத எலும்புக்கு அது போதும். இந்த மாற்றம் மரபில் ஏறியதா, வளரும்போது தின்ற உணவால் மட்டும் வந்ததா என்பதை எலும்பு சொல்லாது.

நடத்தையைச் சோதித்தவர் ஹல் பல்கலைக்கழகத்தின் பிளேக் மார்ட்டன். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 104 இடங்களில், திறந்தால் தீனி கிடைக்கும் புதிர்ப்பெட்டிகளை இரவில் வைத்து மறைபடக்கருவியால் பார்த்தார். முடிவு 2023இல் வெளியானது. 96 இடங்களில் நரி பெட்டியைக் கவனித்தது. தொட்டது 31 இடங்களில்தான், தீனியை எடுத்தது 12 இடங்களில். நகர நரிகள், குறிப்பாக லண்டன் நரிகள், துணிந்து தொட்டன. ஆனால் புதிரை அவிழ்ப்பதில் கிராமத்து நரியைவிட மேலாக இல்லை. பாட்டி வடை சுட்ட கதையிலிருந்து நரிக்கு நாம் கொடுத்துவரும் தந்திரப் பட்டத்தை இந்தத் தரவு ஆதரிக்கவில்லை. மனிதரைக் கண்டு ஓடாதிருத்தல் என்பது அன்புமில்லை, அறிவுமில்லை. ஓடி என்ன பயன் என்று தெரிந்துகொண்டதுதான்.

அந்தத் துணிச்சலுக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2010 ஜூனில் லண்டனின் ஹாக்னியில் வீட்டுக்குள் நுழைந்த நரி, தொட்டிலில் கிடந்த ஒன்பது மாத இரட்டைக் குழந்தைகளைக் கடித்தது. 2013இல் பிராம்லியில் ஒரு கைக்குழந்தை தாக்கப்பட்டது. இத்தகைய நிகழ்ச்சிகள் மிக அரிது. நாய்க்கடிக்காக இங்கிலாந்து மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் சேர்பவர்களோ பல ஆயிரம். ஊரிலிருந்து வந்தவர்களின் முதல் பயம் வெறிநோய்; பிரிட்டனில் உள்நாட்டு வெறிநோய் 1922இலேயே ஒழிந்தது, இங்குள்ள நரிகளிடம் அது இல்லை. ஆகவே பயப்படத் தேவையில்லை, பழக்கவும் வேண்டாம். கையால் ஊட்டும் வழக்கம்தான் வீட்டு வாசலுக்கு அஞ்சாத நரியை உருவாக்குகிறது. கோடை இரவில் குழந்தை தூங்கும் அறையின் தோட்டக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். மீந்த கோழிக்கறியைத் தோட்டத்தில் வீசாதீர்கள். ஷெட்டின் அடியை அடைக்க விரும்பினால், மார்ச்சில் பிறக்கும் குட்டிகள் வளர்ந்து வெளியேறும் வரை பொறுத்து, இலையுதிர்காலத்தில் செய்யுங்கள். முதலில் துளையைக் கசக்கிய தாளால் லேசாக மூடி ஒரு வாரம் பாருங்கள். தாள் அசையாதிருந்தால் உள்ளே யாரும் இல்லை. பிறகு கம்பிவலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் இறக்கிப் பொருத்துங்கள். காட்டு விலங்கை வேண்டுமென்றே மூச்சுமுட்ட வைத்துத் துன்புறுத்துவது 1996ஆம் ஆண்டின் காட்டுப் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; நரிக்கும் அது பொருந்தும்.